விமலா என்று கூப்பிட்டால்

விமலா என்று கூப்பிட்டால் எழுந்து போக வேண்டியது நான். என் பெயர் விமலா இல்லை. என் பெயர் செண்பகவல்லி, எங்கள் கோயில்பட்டி அம்மன் பெயர், ஊரில் தெருவுக்கு ரெண்டு செண்பகவல்லி இருப்போம், ஒருத்தியைக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்போம், அப்பேர்ப்பட்ட பெயரை இந்த மதுரை ஆஸ்பத்திரி ஹாலில் வைத்துச் சொல்லிவிட்டால் குடும்ப மானமே கப்பலேறிவிடும் என்று என் வீட்டுக்காரர் கனகவேலுக்கு ஒரு நினைப்பு. முதல் தடவை வந்த அன்றே, வாசல் மேஜையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற பெண்ணிடம் போய்க் குனிந்து, "ஊர்க்காரங்க நெறைய வருவாங்கம்மா, பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு, ஜெபா என்று பெயர், இது ஒன்றும் புதிதில்லை. இந்த ஹாலில் இருக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு கூப்பிடும் பெயர் உண்டு. மார்பில் புற்றுநோய் வந்தவளும் கர்ப்பப்பையில் வந்தவளும் சொந்தப் பெயரில் இங்கே உட்காருவதில்லை. ஃபைலுக்குள் அசல் பெயர், ஹாலுக்கு ஒரு பெயர். தொண்டையில் வந்த ஆம்பளைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவர்களை அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து முழக்கமாகக் கூப்பிடுவாள். "சரிங்க சார், என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?" என்று ஜெபா கேட்டாள். இவர் யோசிக்கவே இல்லை. அரிசிக் கடையில் எந்த அரிசி என்று கேட்டாலே மோட்டுவளையைப் பார்த்து நின்று யோசிக்கிற மனுஷன், கண் சிமிட்டுகிற நேரம்கூட எடுக்காமல், "விமலா" என்றார்.

அன்றைக்கு நான் சிரித்தேன். "நல்ல பேராத்தான் வச்சிருக்கீங்க, எனக்கு நல்லாப் பொருந்துது" என்று இடித்துக்கூடக் காட்டினேன். இவர் என் பெயரைச் சொல்லியே நான் கேட்டதில்லை, கல்யாணமான புதிதில் "இந்தா", பிள்ளை பிறந்த பிறகு "இந்தாம்மா", நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் ஆன பிறகு "ஏ டீச்சர்". ஊர் வழக்கம் அப்படி என்று நானும் விட்டுவிட்டேன். பெயர் சொல்லாவிட்டால் என்ன, சம்பளம் வந்ததா, சாப்பிட்டாயா என்று கேட்கிற மனுஷன், குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், மின்கம்பத்தில் ஏறி இறங்குகிற வேலை, ஏறுகிற நாளில் இறங்கியாயிற்றா என்று போன் போட்டுக்கொண்டே இருப்பது நான்தான். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கிறார், மூடுகிறார், திறக்கிறார். பாட்டிலைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுவிடலாமா என்று வருகிறது. பாவம் என்றும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருவதுதான் இந்தச் சனியன் பிடித்த ஹாலின் விசேஷம். மேலே ஃபேன் சுற்றுகிறது, காற்று வேறு யாருக்கோ போகிறது.

இன்றைக்கு ரத்தத்தின் முடிவு சொல்கிறார்கள். போன மாதம் இரண்டாவது தடவையாக எடுத்த ரத்தம். சும்மா சர்க்கரை, உப்பு பார்க்கிற ரத்தம் இல்லை. டாக்டர் நிலோஃபர் முதலில் சொன்னபோது எனக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. கர்ப்பப்பை வாயில் எனக்கு வந்த கட்டி ஒரு வைரஸால் வந்தது, ஹெச்.பி.வி. என்று பெயர், அந்தக் கட்டியின் செல் உடையும்போது வைரஸின் துணுக்கும் சேர்ந்து ரத்தத்தில் கலக்கும், மருத்துவம் பலித்திருந்தால் அந்தத் துணுக்கு ரத்தத்தில் இல்லாமல் போக வேண்டும், நோய் திரும்பக் கிளம்பினால் ஸ்கேனில் தெரிவதற்கு முன்னாலேயே ரத்தத்தில் தெரியலாம். "தெரியலாம்னுதான் சொல்றேன், தெரிஞ்சே ஆகும்னு சொல்லல. இது இன்னும் ஆராய்ச்சியில இருக்கு. உங்களுக்கு விருப்பம்னா சேந்துக்கலாம்" என்றார். நான் கையை நீட்டிவிட்டேன். இவர்தான், "ஸ்கேன்லயே தெரியாததை எதுக்கு டாக்டர் தேடிப் பிடிக்கணும்?" என்றார். அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். பஸ்ஸில் திரும்பும்போது சாத்தூர் வரைக்கும் சண்டை. தெரியாமல் இருந்தால் நிம்மதி என்கிறது இவர் கட்சி. கரண்ட் வேலை பார்க்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? கம்பியில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் கை வைப்பாரா? அதைக் கேட்டால், "அதுவும் இதுவும் ஒண்ணா?" என்றார். நான் கோல்கீப்பராக நின்றவள். எங்கள் ஊரில் தத்தி நடக்கிற குழந்தைக்கும் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள், என் கையிலும் கொடுத்தார்கள், கல்லூரி முடியும்வரை வலைக்கு முன்னால் நின்றேன். பந்து எதிராளி பாதியில் இருக்கும்போதே என் கண் அதன்மேல் இருக்க வேண்டும். வட்டத்துக்குள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணை மூடி நிற்கச் சொன்னால் நான் நிற்பேனா? மாட்டேன். எனக்குத் தெரிய வேண்டும். நல்லதோ கெட்டதோ, முதல் ஆளாக எனக்குத் தெரிய வேண்டும்.

எல்லாம் தெரிய வேண்டும் என்று இத்தனை வாய் பேசுகிற எனக்கு, விமலா யார் என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. அதுதான் எரிச்சல். முதலில் அது வெறும் பெயராகத்தான் இருந்தது. வைரஸ் பற்றி டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அது முள்ளானது. நான்தான் கேட்டேன், எனக்கு எப்படி வந்தது என்று. "இது உடலுறவு மூலமா வர்ற வைரஸ்தான். ஆனா எப்ப வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நெறையப் பேருக்கு வந்துட்டுத் தானாவே போயிரும். சில பேருக்கு வருஷக்கணக்கா சத்தம் காட்டாமக் கெடக்கும். யாரையும் குத்தம் சொல்றதுக்கு இதுல ஒண்ணுமில்ல" என்றார். நல்ல பேச்சு. நியாயமான பேச்சு. ஆனால் எனக்குத் தெரியும், என் வாழ்க்கையில் வந்த ஆம்பளை இந்தப் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிற இவர் ஒருத்தர்தான். அன்றைக்கு இவர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த நிமிஷம் விமலா என்று நினைத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பரமக்குடிக்கு மாற்றலாகி ரெண்டு வருஷம் தனியாக இருந்தாரே, அங்கே ஒரு விமலாவா? மெஸ் நடத்தின அம்மாவுக்கு என்ன பெயர்? மீட்டர் பிரிவில் ஒரு பெண் இருந்தாளே, அவளா? கல்யாணத்துக்கு முன்னாலா? ஒருவேளை ஒன்றுமே இல்லாமல் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சில் இருந்த பிள்ளையின் பெயரோ என்னவோ, அவசரத்துக்கு வாயில் வந்திருக்கும். வாயில் எது வரும்? அடிக்கடி மனதில் வருவதுதானே வரும்? இல்லை, மனதில் வராததும் வரும், நான் பயிற்சியில் கோபத்தில் பேச்சியைக் கூப்பிட நினைத்துப் பவானியைக் கூப்பிடுவதில்லையா? இப்படியே ஒரு சுற்று போய்த் திரும்பப் பரமக்குடியில் வந்து நிற்கும். ரேடியேஷன் மேஜையில் படுத்திருக்கும்போதும் இதே சுற்றுதான். மெஷினை வைத்துவிட்டு எல்லாரும் வெளியே ஓடிவிடுவார்கள், கனமான கதவு சாத்தும், உள்ளே நானும் அந்த உறுமலும் மட்டும், அசையக் கூடாது, அசையாமல் படுத்துக்கொண்டு பரமக்குடி மெஸ்ஸில் இட்லி வைக்கிற கை எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். வளையல் போட்ட கை. சில நாள் அழகான கையாக வரும். சில நாள் வேண்டுமென்றே குண்டுக் கையாக வைத்துக்கொள்வேன்.

பயம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது. காலையிலிருந்து அடிவயிற்றில் ஒரு பிடிப்பு, அது நோயா, இட்லியா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதுதான் இந்த நோய் செய்கிற பெரிய கெடுதல், சொந்த உடம்பையே வேவு பார்க்க வைத்துவிடும். இடுப்பு வலித்தால் சந்தேகம், பசிக்காவிட்டால் சந்தேகம், ரொம்பப் பசித்தாலும் சந்தேகம். மைதானத்தில் நிற்கும்போது மாதவிடாய் நின்று போனவளுக்குத் திரும்ப ரத்தம் பட்டதே, அப்போதே புரிந்திருக்க வேண்டும், ஆனால் நிற்கிற வயதில் முன்னே பின்னே ஆகும் என்று அத்தனை பெண்களும் ஒரே வாயாகச் சொன்னார்கள், சொன்னவர்களுக்கும் வேறு எதுவும் தெரியாது. ஒருத்திக்காவது தெரிந்திருந்தால்? என் மகளுக்குத் தடுப்பூசி போட்டேன். அதற்கும் இவர் தயங்கினார், கல்யாணமாகாத பிள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி, யாராவது கேட்டா என்ன நெனைப்பாங்க என்று. நினைக்கட்டும். ஊரார் நினைப்பில் ஒரு வைரஸும் சாகாது என்றேன். கடைசியில் தானே மோட்டார் சைக்கிளில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வரும்போது அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாள், இருபது வயதுப் பிள்ளைக்கு. இவரைப் பிடித்து உலுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. முடிவு கெட்டதாக இருந்தால் என்ன செய்வேன்? திரும்பக் கீமோ ஊசி, திரும்ப வாந்தி, நாக்கில் திரும்ப அந்தத் தகர ருசி. செய்வேன். ஒரு தடவை செய்தவள்தானே. முடி கொட்டாது என்று சொன்னார்கள், கொஞ்சம் கொட்டத்தான் செய்தது, வந்துவிட்டது. செத்துப் போவேனா? அதையும் நினைத்துப் பார்க்கிறேன், பார்க்கலாம், ஆனால் கேட்காமல் கொள்ளாமல் வேறு ஒருத்தி பெயரில் சாக மாட்டேன்.

"என்ன டீச்சர், இங்க வந்திருக்கீக?" திடுக்கிட்டுப் போனேன். எங்கள் பள்ளிக்கூடத்து எதிரில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிற அன்னக்கொடி. அண்ணனுக்குத் தொண்டையில் ஏதோ, கூட வந்திருக்கிறாள். இவர் பாட்டிலைக் கீழே போட்டார், எடுத்தார், எழுந்தேவிட்டார். "சொந்தக்காரங்க ஒருத்தங்களைப் பாக்க வந்தோம்மா" என்றார். "அப்படியா, யாரு?" என்றாள் அவள். சும்மா கேட்கிற கேள்விதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இதையே கேட்பாள். "விமலான்னு ஒருத்தங்க" என்றார் இவர். கேட்டீர்களா? விமலான்னு ஒருத்தங்க. சிரிப்பு வந்தது எனக்கு. அன்னக்கொடி, "ஐயோ பாவம், என்ன செய்யுது அவுகளுக்கு?" என்று உச்சுக்கொட்டிக்கொண்டே எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஜெபா எந்த நேரமும் கூப்பிடுவாள். கூப்பிட்டால், பார்க்க வந்தவள் எழுந்து போகிறாளே என்று அன்னக்கொடி நினைப்பாள். எழுந்து போகாவிட்டால் முறை தவறிப்போகும். இவர் என் பக்கம் சாய்ந்து, "வெளியே போய் நில்லு, நான் கூப்பிடுதேன்" என்று காதில் சொல்கிறார். வெளியே. வெயிலில். நோய் எனக்கு, ரத்தம் எனக்கு, வெளியே நிற்பதும் நான். பொய் சொன்னவர் ஃபேனுக்குக் கீழே.

"விமலா! விமலா உள்ள வாங்க!" ஜெபா கூப்பிட்டுவிட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. திட்டம் போட்டிருக்கவில்லை, எழுந்திருக்க வரவில்லை, அவ்வளவுதான். ஜெபா எட்டிப் பார்த்து இன்னொரு தடவை கூப்பிட்டாள். இவர் என் முழங்கையை இடித்தார். "கூப்பிடுதாங்கல்லா." நான் இவரைப் பார்த்தேன். "என் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க. வாரேன்" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. மைதானத்துக் குரல் எனக்கு, மெதுவாகச் சொன்னாலே மூன்று வரிசைக்குக் கேட்கும். அன்னக்கொடி என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவருக்கு வியர்த்துவிட்டது. "வீட்டுல போய்ப் பேசிக்கிடலாம்" என்றார். "உள்ள இருக்கது என் ரத்தம். என் பேரைச் சொன்னாத்தான் போவேன். நீங்களே போய்ச் சொல்லுங்க." ஹாலில் எல்லாரும் எங்களைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். இவர் எழுந்தார். மேஜைக்குப் போனார். குனிந்து மெதுவாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். குனியத்தான் குனிந்தார், அப்புறம் ஏனோ நிமிர்ந்துவிட்டார். "விமலா இல்லம்மா. செண்பகவல்லி. கோயில்பட்டி செண்பகவல்லி. என் வீட்டுக்காரி" என்றார். இருபத்துச் சொச்சம் வருஷத்தில் முதல் தடவை அந்த வாயில் என் பெயர். எனக்குக் கண் கலங்கிற்று, கோபத்தில்தான் என்று வைத்துக்கொண்டேன். எழுந்தேன். அன்னக்கொடி கால்மாட்டில் இருந்த பையை இழுத்து எனக்கு வழி விட்டாள். "எனக்குத்தான் பாக்க வந்தது. கர்ப்பப்பை வாயில புத்துநோய்" என்று அவளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தாள், விட்டாள்.

டாக்டர் நிலோஃபர் சுற்றி வளைக்கிற ஆளில்லை, அதனாலேயே எனக்கு அந்தம்மாவைப் பிடிக்கும். "போன தடவை ரத்தத்துல அந்தத் துணுக்கு கொஞ்சங்கூட இல்ல. இந்தத் தடவை கொஞ்சம் தெரியுது. ரொம்பக் கொஞ்சம். இதை மட்டும் வச்சு நோய் திரும்ப வந்துருச்சுன்னு சொல்ல முடியாது. வரலைன்னும் சொல்ல முடியாது. இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாப்போம், ஸ்கேனும் எடுப்போம். ஏதாவது இருந்தா சின்னதா இருக்கையிலேயே பிடிச்சிரலாம்" என்றார். காதுக்குள் ஒரு இரைச்சல். அறையில் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தது, டாக்டர் கையில் பேனா, சுவரில் கர்ப்பப்பைப் படம், அதில் எனக்கு வந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு. கொஞ்சம் தெரியுது. இல்லை என்றும் இல்லை, உண்டு என்றும் இல்லை. இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், உட்கார மறந்துவிட்டார். அழலாம் என்று தோன்றியது. அழுது முடித்தாலும் அது அங்கேதான் இருக்கும், அல்லது இல்லாமல் இருக்கும். தூரத்தில் கிளம்பிவிட்டது என்றால் கிளம்பட்டும், என் கண்ணில் பட்டுவிட்டது. "அடுத்த வாரம் வாங்க" என்றார் டாக்டர். "இன்னைக்கே எடுங்க டாக்டர்" என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதினார்.

ரத்தம் எடுக்கிற அறையில் ஒரு பெஞ்ச். நர்ஸ் என் மேல்கையில் ரப்பரைக் கட்டிவிட்டு ட்யூப் எடுக்க உள்ளே போயிருந்தாள். கையை மூடித் திறந்து, மூடித் திறந்து, நரம்பைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் நின்றார். "தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றார், எனக்கா அவருக்கா என்று தெரியாத குரலில். "இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியா இருந்திருப்ப." திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. இத்தனை நாளாக என் மனசுக்குள் இட்லி வைத்துக்கொண்டிருந்த அந்தப் பரமக்குடிக் கை ஞாபகம் வந்தது. அவளுக்கு இப்போது என் வயது இருக்குமா, கூடவா? அவளுக்கும் முன்னே பின்னே ஆகியிருக்கும். நிற்கிற வயது என்று அவளுக்கும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். இடுப்பு வலியோடு எங்கேயோ மாவு அரைத்துக்கொண்டிருப்பாள், ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள், சொல்ல முடிகிற ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறார். அவள்மேல் எனக்கு ஆத்திரம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் என்னை இப்படி விட்டுவைத்த மாதிரி இன்னொருத்தியை விட்டுவைக்க எனக்கு மனசில்லை. "விமலான்னு ஒருத்தி நெசமாவே இருந்தா, அவகிட்டச் சொல்லுங்க" என்றேன். "இப்படி ஒரு கிருமி இருக்கு, என் வீட்டுக்காரிக்கு அதுல நோய் வந்திருச்சு, நீயும் போயி கர்ப்பப்பை வாயைச் சோதிச்சுக்கன்னு சொல்லுங்க. பெரிய ஆஸ்பத்திரியில சும்மாவே பாப்பாங்க. அவளுக்கும் தெரியணும்."

எந்த விமலா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். என்ன பேசுத நீ என்று சத்தம் போடுவார், அது சும்மா வாயில வந்த பேரு என்பார், அப்படிச் சொன்னால் நம்பிவிடலாம் என்றுகூட மனசின் ஒரு மூலையில் இருந்தது. நர்ஸ் வந்தாள். ஊசி ஏறிற்று. ட்யூபுக்குள் ரத்தம் கருஞ்சிவப்பாக ஏறிக்கொண்டே வந்தது. இவர் சுவரில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

"சொல்லுதேன்" என்றார்.

கையை விரிக்கச் சொன்னாள் நர்ஸ். விரித்தேன்.

"இன்னைக்கே சொல்லுங்க" என்றேன்.